வேலி அறியாத நஞ்சு

(தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டிக்கு அணித்தான சிற்றூரொன்றில், உழவர் கூடிய அவையில் ஆற்றிய உரை. கேட்டோர் சிலர் விழைந்தவாறு எழுத்தில் தரப்படுகின்றது.)



என்னை அழைத்த இளைஞர்கள், "எதைப்பற்றிப் பேசப்போகின்றீர்கள்?" என்று கேட்டனர். "காற்றைப்பற்றி" என்றேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். மொழியைப் பற்றியோ நாட்டைப் பற்றியோ பேசுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் காற்றைப்பற்றிப் பேசத் தொடங்கினால் மொழியும் நாடும் தாமாகவே வந்து நிற்கும். அதை நீங்களே இறுதியில் காண்பீர்கள்.

நாம் கூடியிருக்கும் இம்மண் தகடூர் மண். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட மண். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஒளவைக்கு ஈந்தவன் அவன். இச்செய்தியை அறியாத பள்ளிப் பிள்ளை தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் அவன் குடியைப்பற்றிப் புறநானூறு கூறும் மற்றொரு செய்தியைப் பலர் அறியார். கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்து தந்தவர்கள் அதியமானின் முன்னோர்கள் என்பதே அது. நெல்லியும் கரும்பும் ஆகிய இரண்டும் ஒரே குடியின் புகழோடு பிணைந்தவை. அந்த நெல்லிக்கும் அந்தக் கரும்புக்கும் நடுவே இன்று ஒரு நஞ்சு வந்து நிற்கின்றது. அக்கதையைத்தான் சொல்ல வந்தேன்.

காரிமங்கலத்துக்கும் பாலக்கோட்டுக்கும் இடையில் எனக்கு ஒன்றரைக் குறுக்கம் தோட்டம் உண்டு. ஊர்வழக்கில் சொன்னால் ஒன்றரை ஏக்கர். என் தந்தையார் மலையடிவாரத்துக் கல்லைப் பெயர்த்து, கமலையிறைத்து, குடத்தில் நீர் சுமந்து வளர்த்த தோட்டம். மாமரம் 38, நெல்லி 12, கொய்யா 14, வரப்போரம் எலுமிச்சை, கிணற்றடியில் இரண்டு தென்னையும் ஒரு வாழைக்கட்டும். வரிசைகளுக்கிடையில் வீட்டுக்கென்று கொஞ்சம் தக்காளி. இதுதான் என் சொத்து. என் மகளின் கல்லூரிக் கட்டணமும் இதுதான்.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு கும்பத் திங்கள். மாமரங்கள் நிறையப் பூத்துப் பிஞ்சு பிடித்திருந்தன. வணிகர் ஒருவர் காய்ப்பைப் பார்த்துவிட்டுப் பருவக் குத்தகை பேசி, முன்பணமும் கொடுத்துச் சென்றிருந்தார். ஒரு நாள் முற்பகல், வெயில் ஏறிய வேளையில், கிழக்குப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்திலிருந்து ஒரு நெடி வந்தது. யாரோ எதையோ தெளிக்கிறார்கள் என்று எண்ணினேன். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன். மரத்துக்கும் மூக்கைப் பொத்தத் துண்டு வேண்டும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

மூன்றாம் நாள் தக்காளிச் செடிகள் தலையைத் தொங்கவிட்டன. ஒரு கிழமையில் அவற்றின் புதிய இலைகள் பெரணி இலைபோல் ஒடுங்கி, நரம்பு மட்டும் புடைத்து நின்றன. கொய்யாவின் இளந்தளிர்கள் தூண்டில்முள் வளைவதுபோல் வளைந்தன. மாந்தளிர்கள் கிண்ணம்போல் குழிந்து சுருண்டன. நெல்லியின் இளங்கிளைகள் பாம்பு முறுக்கிக்கொண்டாற்போல் முறுக்கிக்கொண்டன. பிறகு மாம்பிஞ்சுகள் உதிரத் தொடங்கின. காலையில் மரத்தடிக்குச் சென்றால், பட்டாணி அளவும் சுண்டைக்காய் அளவுமாக, தரையே பச்சையாய்க் கிடக்கும். என் தாயார் அவற்றை முறத்தில் கூட்டியள்ளும்போது ஒரு சொல்லும் பேசமாட்டார். அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நோய் என்றே நினைத்தேன். கடைக்குச் சென்று ஒரு கிளையைக் காட்டினேன். கடைக்காரர் ஒரு புட்டியை எடுத்துத் தந்தார். அடித்தேன், பயனில்லை. வேறொரு புட்டி தந்தார். அதையும் அடித்தேன், அதனாலும் பயனில்லை. நஞ்சால் வந்த துன்பத்துக்கு மேலும் இரண்டு நஞ்சைக் காசு கொடுத்து வாங்கி ஊற்றினேன் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் அவ்வாறு செய்யாதிருக்கவே சொல்கிறேன்.

தோட்டக்கலைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். அவர் மரத்தை முதலில் பார்க்கவில்லை. தோட்டத்தைச் சுற்றி நடந்தார். "கிழக்கு வரிசையில் பாதிப்பு மிகுதி, மேற்கே போகப்போகக் குறைகிறது, பார்த்தீரா? ஒரே மரத்திலும் கிழக்குப் புறக் கிளைதான் கெட்டிருக்கிறது" என்றார். பின் வேலியோரத்துத் துத்திச் செடியையும் வேப்பங்கன்றையும் காட்டினார், அவையும் வளைந்திருந்தன. தென்னையையும் வாழையையும் வரப்புப் புல்லையும் காட்டினார். அவற்றுக்கு ஒன்றுமே இல்லை. "ஒரு நோய் மாவையும் கொய்யாவையும் தக்காளியையும் வேம்பையும் ஒரே கிழமையில் பிடித்து, வாழையை மட்டும் விட்டுவிடுமா? இது நோயன்று, காற்றில் வந்த களைக்கொல்லி" என்றார்.

உழவர் பெருமக்களே, அந்தப் பெரியவர் பார்த்த முறையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பாதிப்பு ஒரு பக்கத்தில் மிகுந்து தொலைவில் குறைகின்றதா? பல இனச் செடிகளில் ஒரே காலத்தில் தோன்றியதா? அகன்ற இலையுடையவை கெட்டு, புல்லினம் தப்பியதா? இம்மூன்றுக்கும் 'ஆம்' என்பது விடையானால், கடைக்குப் போகாதீர்கள்; காற்று வந்த திசைக்குப் போங்கள்.

நான் போனேன். கரும்புத் தோட்டத்துக்காரர் எனக்கு அயலார் அல்லர்; மாப்பிள்ளை முறை. அவரும் என்னைப்போலச் சிறு உழவர், குத்தகைக்குப் பயிரிடுபவர். சினத்தோடுதான் போனேன். "என்ன மாப்பிள்ளை, இப்படிச் செய்துவிட்டீர்?" என்றேன். அவர் திகைத்துப்போய்ச் சொன்னார்: "மாமா, நான் என் நிலத்துக்குள்தானே அடித்தேன்? உங்கள் வரப்பைக்கூட நான் மிதிக்கவில்லையே!"

அவர் பொய் சொல்லவில்லை. கரும்பில் சுடுமல்லியும் படர்கொடியும் ஏறியிருந்தன. களையெடுக்க ஆள் தேடி மூன்று ஊர் அலைந்திருக்கிறார். இளையோரெல்லாம் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பேருந்தேறிவிட்ட ஊரில் களைக்கொத்து பிடிக்க யார் இருக்கின்றனர்? கடையில் கேட்டார், ஒரு புட்டி கொடுத்தார்கள், அடித்தார். நிலத்துக்கு எல்லைக்கல் உண்டு, காற்றுக்கு இல்லை என்பதை அவருக்குக் கடைக்காரரும் சொல்லவில்லை, புட்டியும் சொல்லவில்லை. அவர் வீட்டுத் திண்ணையில் அந்தப் புட்டி இருந்தது. எடுத்துப் பார்த்தேன். 2,4-டி, எசுத்தர் வகை என்று இருந்தது.

அது எப்படிப்பட்ட பொருள் என்பதைச் சற்று விளக்கவேண்டும். செடிகளுக்குள் வளர்ச்சியை நடத்தும் ஊக்கி ஒன்று இயற்கையாகவே உண்டு. தளிர் ஒளியை நோக்கி வளைவதும், வேர் கீழ்நோக்கி இறங்குவதும் அதன் வேலை. 1940-களில் மேனாட்டு அறிவியலார் அந்த ஊக்கியைப்போலவே நடிக்கும் செயற்கைப் பொருள்களைச் செய்தனர். அவற்றுள் ஒன்றே 2,4-டி. இது செடியைச் சுட்டுக் கொல்வதில்லை, பட்டினிபோட்டும் கொல்வதில்லை. "வளர், வளர்" என்று பொய்க்கட்டளை இட்டு, தாறுமாறாக வளரச் செய்து கொல்கின்றது. நெல், கரும்பு, சோளம் முதலிய புல்லினங்கள் இதனைப் பெரிதும் தாங்கும். மா, கொய்யா, எலுமிச்சை, நெல்லி, சீமை இலுப்பை, புளி, பருத்தி, தக்காளி முதலிய இருவிதையிலை இனங்கள் தாங்கா. ஆகவே கரும்புக்காரருக்கு அது களைக்கொல்லி. பக்கத்துத் தோட்டக்காரருக்கு அதுவே பயிர்க்கொல்லி.

எவ்வளவு சிறிய அளவில் இவ்வகைப் பொருள்கள் வேலை செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். மாவில் பிஞ்சு உதிர்வதைத் தடுக்க வேறொரு வளர்ச்சி ஊக்கியைத் தெளிக்கச் சொல்வதுண்டு. அதன் அளவு, நீரில் பத்து இலக்கத்தில் இருபது பங்குதான். அத்துணைச் சிறிய அளவே ஒரு மரத்தின் போக்கை மாற்றுமானால், காற்றில் வந்த சில துளிகள் ஒரு தோட்டத்தைக் கெடுப்பதில் வியப்பென்ன?

இந்நஞ்சு எல்லை தாண்டும் வழிகள் மூன்று.

முதல் வழி துளி. தெளிப்பானின் வாயிலிருந்து பெருந்துளியும் வரும், நுண்துளியும் வரும். மழைத்தூறல் போன்ற பெருந்துளி பத்தடி உயரத்திலிருந்து இரண்டு நொடியில் நிலம் சேரும். மயிரிழைப் பருமனில் ஐந்தில் ஒரு பங்கேயான நுண்துளியோ அதே உயரத்திலிருந்து இறங்க ஏறத்தாழ நான்கு நிமையம் எடுத்துக்கொள்ளும். நான்கு நிமையத்தில் மெல்லிய காற்றுகூட அதை எத்தனை வரப்புத் தாண்டிக் கொண்டுபோகும் என்று எண்ணிப்பாருங்கள். பூச்சிக்கொல்லிக்கு உரிய கூம்புத்தெளிப்பு மூக்கைக் களைக்கொல்லிக்கும் மாட்டுவது நம் ஊர்ப்பழக்கம். அது நுண்துளியையே மிகுதியாகத் தரும். விசைத்தெளிப்பான் அதனினும் மோசம்.

இரண்டாம் வழி ஆவி. 2,4-டி உப்பு வகையாகவும் வரும். எசுத்தர் வகையாகவும் வரும். எசுத்தர் வகை எளிதில் ஆவியாகும். தெளித்து முடித்து, கைகால் கழுவி, உண்டு உறங்கப்போன பின்னும், வெயில் சுடச்சுட அது இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் எழுந்து நகரும். உப்பு வகை அவ்வளவு எழாது. இவ்வேறுபாடு ஒன்றை மட்டும் கடைக்காரர் சொல்லியிருந்தால் என் பிஞ்சுகளில் பெரும்பகுதி தப்பியிருக்கும்.

மூன்றாம் வழியை நாமே திறந்துவிடுகிறோம். களைக்கொல்லி அடித்த தெளிப்பானைப் பேருக்கு அலசிவிட்டு, அதிலேயே மறுநாள் தக்காளிக்கும் பருத்திக்கும் பூச்சிக்கொல்லி அடிக்கிறோம். தொட்டியின் மூலையிலும் குழாயிலும் ஒட்டியிருக்கும் எச்சமே போதும், பயிர் முறுக்கிக்கொள்ள. இதில் பக்கத்துக்காரரைக் குறைசொல்ல வழியே இல்லை.

காற்றே இல்லாத வேளையில் அடித்தால் கேடில்லை என்று எண்ணுவோரும் உளர். அதுவும் பிழை. அந்திக்குப் பின்னும் விடியலிலும் நிலம் குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே வெப்பக்காற்று மூடிபோல் அமர்ந்துவிடும். அப்போது நுண்துளிகள் மேலெழவும் மாட்டா, கீழிறங்கவும் மாட்டா. பனிப்படலம்போல் கூடி, தாழ்வான பக்கம் நோக்கி மெல்ல நகரும். இதை அறியக் கருவி ஒன்றும் வேண்டா. அடுப்புப்புகையைப் பாருங்கள். புகை மேலே சென்று கலைந்தால் வேறு. பாய் விரித்தாற்போல் படுத்துக் கிடந்தால், அன்றைய வேளையில் தெளிப்பானைத் தொடாதீர்கள்.

இத்துன்பம் என் தோட்டத்தோடு நிற்பதன்று. உலகெங்கும் நடந்தது, நடப்பது. 1961 முதல் 1971 வரை அமெரிக்கப் படை வியத்துநாமின் காடுகள் மீதும் வயல்கள் மீதும் வானூர்தியிலிருந்து களைக்கொல்லியைப் பொழிந்தது. அவற்றுள் பேர்போன 'செம்மஞ்சள்' நச்சுக்கலவையில் சரிபாதி இந்த 2,4-டி-தான். மறுபாதியான 2,4,5-டி-யோடு வந்த டையாக்சின் என்னும் கொடுநஞ்சு அம்மக்களின் தலைமுறைகளைத் தொடர்ந்தது. ஒரு போர்க்கருவியின் பாதி இன்று நம் திண்ணையில் புட்டியில் நிற்கின்றது.

நம் அண்டையிலேயே பாருங்கள். கேரளத்தின் காசரக்கோட்டில், அரசுக்குரிய முந்திரித் தோட்டங்களின் மீது 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை சுழல்வானூர்தியால் எண்டோசல்பான் என்னும் பூச்சிக்கொல்லியைத் தெளித்தனர். முந்திரியின் மேல் தெளித்தது காற்றோடும் நீரோடும் குடியிருப்புகளுக்குச் சென்றது. ஊனமுற்றுப் பிறந்த பிள்ளைகளின் படங்களை நீங்கள் செய்தித்தாள்களில் கண்டிருப்பீர்கள். 2011-இல் உச்ச முறைமன்றம் நாடு முழுதும் அந்நஞ்சுக்குத் தடை விதித்தது. 2017-இல், பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவர்க்கும் ஐந்து இலக்கம் உருவா கேரள அரசு தரவேண்டும் என்று கட்டளையிட்டது. தெளிப்பு நின்று பதினேழு ஆண்டு கழிந்த பின்னரே அந்தக் கட்டளை வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் தோட்டத்துக்கு நேரொத்த வழக்கு அமெரிக்க நாட்டின் மிசௌரி மாநிலத்தில் நடந்தது. அங்கே பேடர் தோட்டம் என்பது பீச்சுப்பழத் தோட்டம். சுற்றியிருந்த வயல்களில் டைகாம்பா என்னும் களைக்கொல்லியைத் தாங்கும்படி மரபணு மாற்றிய பருத்தியையும் சோயாவையும் விதைத்தனர். டைகாம்பாவும் 2,4-டி-போல வளர்ச்சி ஊக்கி வேடமிடுவதுதான், ஆவியாகிப் பரவுவதுதான். 2017-ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் ஏறத்தாழ 36 இலக்கம் குறுக்கம் சோயா அதனால் கெட்டதாக அங்குள்ள பல்கலைக்கழக வல்லுநர் கணக்கிட்டனர். பேடர் தோட்டத்தார், பக்கத்து உழவர்மீது வழக்கிடவில்லை. விதையையும் நஞ்சையும் விற்ற மான்சாண்டோ, பி.ஏ.எசு.எஃப். ஆகிய பெருங்குழுமங்களின்மீதே வழக்கிட்டனர். 2020 பிப்பிரவரியில் சான்றாளர் குழு, இழப்புக்கு ஒரு கோடியே 50 இலக்கம் தாலரும், தண்டமாக 25 கோடி தாலரும் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. தண்டத்தை நடுவர் 6 கோடியாகக் குறைத்தார். 2022-இல் மேல்முறையீட்டு மன்றம் இழப்பீட்டை உறுதிசெய்து, தண்டத்தை மட்டும் மறுபடி ஆராயச் சொன்னது.

இதில் நாம் கற்கவேண்டிய பாடம் தாலர்க் கணக்கன்று. குற்றம் எங்கே தொடங்குகின்றது என்று அவர்கள் கேட்டார்களே, அந்தக் கேள்வியே பாடம். நானோ என் மாப்பிள்ளையோடு சண்டையிட முதலில் போனேன். ஒரே கிணற்று வரிசையில் இறைக்கும் இருவர் அடித்துக்கொள்வதால் விற்றவனுக்கு என்ன இழப்பு?

இனி நம் நாட்டு நிலையைச் சொல்கிறேன். ஓர் அலுவலகத்துக்குச் சென்றேன். வறட்சியா, வெள்ளமா, புயலா என்று கேட்டனர். "காற்றில் வந்த நஞ்சு" என்றேன். அதற்குப் படிவம் இல்லை என்றனர். பயிர்க் காப்பீட்டிலும் இடமில்லை. தவிர்க்கக்கூடிய இழப்பு காப்பீட்டில் அடங்காது என்பது விதி. தவிர்த்திருக்கக்கூடியதுதான், ஆனால் தவிர்த்திருக்கவேண்டியவன் நானா?

களைக்கொல்லி உட்பட்ட இந்நஞ்சுகளையெல்லாம் ஆள்வது 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். எந்த நஞ்சு விற்கலாம், எது கூடாது என்று பதிவுசெய்து முடிவுகட்டுவது நடுவணரசின் வாரியமும் குழுவும். அச்சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, ஒரு மாநில அரசு ஒரு நஞ்சைத் தன் மண்ணில் தடுக்க விரும்பினால் 60 நாளுக்குத்தான் தடுக்கலாம். மேலும் 30 நாள் நீட்டலாம். அவ்வளவே. உழவு மாநிலப் பட்டியலில் இருக்கின்றது. உழவனின் மரத்தைக் கொல்லும் நஞ்சு மட்டும் தில்லியின் கையில் இருக்கின்றது! தருமபுரி மாமரத்துக்கு எது நஞ்சு என்பதைத் தருமபுரிக்காரன் முடிவு செய்ய முடியாது என்றால், தன்னாட்சி என்று நாம் கேட்பதன் பொருள் வெறும் கொடியும் பாட்டும் அன்று என்பது விளங்கவில்லையா?

2020 மே திங்களில் நடுவணரசு 27 நஞ்சுகளைத் தடைசெய்யப் போவதாக வரைவாணை வெளியிட்டது. அந்தப் பட்டியலில் 2,4-டி இருந்தது. 2023-இல் இறுதி ஆணை வந்தபோது முழுத்தடை பெற்றவற்றுள் அது இல்லை. கிளைபோசேட்டு என்னும் மற்றொரு களைக்கொல்லியைப் பதிவுபெற்ற பூச்சித்தடுப்புப் பணியாளர் அன்றிப் பிறர் தெளிக்கக்கூடாதென 2022-இல் ஆணையிட்டனர். நம் சிற்றூர்களில் அப்படிப்பட்ட பணியாளரை எவரேனும் கண்டதுண்டா? தாளில் தடை, கடையில் புட்டி. இதுதான் நிலை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2015-இல் கிளைபோசேட்டைப் 'புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு மிக்கது' என்றும், 2,4-டி-யை 'உண்டாக்கக்கூடும்' என்றும் வகைப்படுத்தியது. மரத்துக்கு வந்தது மரத்தோடு போகும் என்று நாம் இருந்துவிட முடியாது.

இப்போது மொழிக்கு வருகிறேன். வராமல் இருக்க இயலாது.

நம் ஊரில் என்ன சொல்கிறோம்? "மருந்தடித்தாயா?" என்கிறோம். "மருந்துக்கடை" என்கிறோம். வள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரமே வகுத்தார்; அதில் உணவையும் உடலையும் நோயின் முதலையும் பேசினார். நோய் தீர்ப்பது மருந்து. உயிர் காப்பது மருந்து. கொல்வதை மருந்தென்று சொன்ன நாளில்தான் நம் கை கூசாமல் அதைத் தொட்டது. மருந்து என்றதால் தாய் அதைக் குழந்தைக்கு எட்டும் மாடத்தில் வைக்கிறாள். மருந்து என்றதால் உழவன் வெறுங்கையால் கலக்குகிறான். "நஞ்சடிக்கப் போகிறேன்" என்று ஒருவன் சொல்லிப்பார்க்கட்டும்; சொன்ன வாயே "எங்கே? யார் பக்கத்தில்? காற்று எப்படி?" என்று கேட்கும். சொல்லைத் திருத்தினால் செயல் பாதி திருந்தும். தூய தமிழ் என்பது ஏட்டுப் புலவர்க்கு மட்டும் உரியது என்று ஏளனம் செய்வார்க்கு இதுவே என் விடை. ஒரு சொல்லின் பிழையால் ஒரு தோட்டம் கெட்டதைக் கண்ணால் கண்டவன் நான்.

புட்டியின் சீட்டையும் பாருங்கள். இந்தி, ஆங்கிலம், அவற்றோடு அந்தந்த வட்டாரத்து மொழி ஆகியவற்றில் சீட்டும் துண்டறிக்கையும் இருக்கவேண்டும் என்பது விதி. என் மாப்பிள்ளையின் புட்டியில் தமிழும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். எறும்புக் கண்ணுக்கும் எட்டாத எழுத்தில் இருந்தது. அத்தமிழும் தமிழாக இல்லை. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வைத்த தமிழ். எண்பது அகவை நிரம்பிய என் தாயாரும் எட்டாம் வகுப்புப் படித்த என் மாப்பிள்ளையும் படித்துப் பொருள்கொள்ள முடியாத எச்சரிக்கை யாருக்காக எழுதப்பட்டது? சீட்டில் நிற முக்கோணம் ஒன்று உண்டு. சிவப்பு என்றால் கொடியது, பச்சை என்றால் தாழ்ந்தது என்று பலர் அறிவர். ஆனால் அந்நிறம் உண்டால் உயிருக்கு எவ்வளவு கேடு என்பதைக் குறிப்பது. பக்கத்து மாமரத்துக்கு எவ்வளவு கேடு என்பதை அது சொல்லாது. பச்சை என்று நம்பி மரம் இழந்தோர் உண்டு.

'களை' என்னும் சொல்லையும் எண்ணிப்பாருங்கள். வள்ளுவர் உழவைச் சொல்லும்போது உழுதல், எருவிடுதல், களைகட்டல், நீர்விடுதல், காத்தல் என்று முறை வகுத்தார். களைகட்டல் என்றது கையால் பறித்தலை. நம் பாட்டியர் களையெடுக்கச் சென்றால் மடியில் பண்ணைக்கீரையும் குமட்டிக்கீரையும் தொய்யக்கீரையும் கொண்டுவந்தனர். அன்று மாலைக் குழம்பு அந்தக் களைதான். களைக்கூலி பெண்டிரின் கையில் சேர்ந்த காசு. கணவனைக் கேளாமல் பிள்ளைக்குப் பலகை வாங்கிய காசு. ஒரு புட்டி வந்து கீரையையும் கூலியையும் ஒருங்கே கொன்றது. ஆனாலும், ஆளில்லாத ஊரில் "கையால் பறியுங்கள்" என்று மேடையிலிருந்து சொல்லிவிட்டுப் போவது எனக்கு எளிது, உங்களுக்கு அரிது. ஆகவே செய்யக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

நஞ்சைத் தவிர்க்க வழியிருக்கும் இடத்தில் தவிர்ப்போம். கரும்பில் தோகையை எரிக்காமல் இடைவெளியில் மூடாக்காகப் பரப்பினால் களை பெரிதும் அடங்கும், ஈரமும் நிற்கும். தொடக்கத்தில் உளுந்தோ தட்டையோ ஊடுபயிராக இட்டால் களைக்கு இடமிராது. தள்ளு களைக்கருவிகளை ஊர்ப்பொதுவில் வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம்.

தவிர்க்கவே முடியாதபோது, தோட்டங்களுக்கு அருகில் எசுத்தர் வகையைத் தொடாதிருப்போம். களைக்கொல்லிக்கெனத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வோம். விசிறித்தெளிப்பு மூக்கை மாட்டி, அழுத்தம் குறைத்து, முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்காமல், மூக்கின்மேல் கவிகைமூடி இட்டுத் தெளிப்போம். இலை மெல்ல அசையும் அளவு காற்று, பக்கத்துத் தோட்டத்துக்கு எதிர்த்திசையில் வீசும் வேளையாகப் பார்ப்போம். உச்சிவெயிலிலும் புகை படுத்த அந்தியிலும் வேண்டா. மா பூத்துப் பிஞ்சுவிடும் சுறவம், கும்பம், மீனம் ஆகிய மூன்று திங்களும் தோட்ட வரப்பையொட்டி அறவே வேண்டா. ஆளில்லா வானூர்தியால் தெளிக்க 2021-இல் நடுவணரசு வழிமுறை வகுத்தது. இப்போது அவை ஊர்ப்புறங்களுக்கும் வந்துவிட்டன. ஆள் உயரத்துக்கு மேலிருந்து பொழியும் கருவியால் தோட்டத்தருகே களைக்கொல்லி தெளிக்க எந்த ஊரும் இசையக்கூடாது.

தோட்டக்காரர் செய்யவேண்டியதும் உண்டு. காற்று வரும் பக்கத்தில் கிளுவையும் அகத்தியும் சவுக்கும் அடர்த்தியாக வைத்து உயிர்வேலி எழுப்புவோம். தீங்கு நேர்ந்தால் அன்றே நாள், வேளை, காற்றுத்திசை ஆகியவற்றைக் குறித்து, தோட்டத்தின் இரு பக்கங்களையும் ஒளிப்படம் எடுத்து, ஊர் நிருவாக அலுவலர்க்கும் தோட்டக்கலைத் துறைக்கும் எழுத்தில் கொடுப்போம். கெட்ட மரத்தை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். நீர் தவறாமல் விடுங்கள். மேலும் மேலும் எதையும் அடிக்காதீர்கள். மரம் பொறுமையுடையது, மாந்தனைவிட.

அரசிடம் நாம் கேட்பவை நான்கு: காற்றில் வந்த நஞ்சால் நேரும் இழப்பைப் பேரிழப்புப் பட்டியலில் சேர்த்தல், இலைகளை ஆராய்ந்து சான்று தரும் ஆய்வகம் மாவட்டத்தில் அமைத்தல், நல்ல தமிழில், படிக்கத்தக்க எழுத்தில், சீட்டு இன்றி எந்நஞ்சும் விற்கவிடாமை, தோட்டப்பயிர் வட்டாரங்களில் எந்த நஞ்சு கூடாது என்று முடிவுகட்டும் உரிமையைத் தமிழ்நாட்டுக்கே பெறுதல். முதல் மூன்றும் மனு. நான்காவது போராட்டம்.

என் தோட்டத்தின் இறுதிச் செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். அவ்வாண்டு வணிகர் குத்தகையை விட்டுவிட்டார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மகளின் கட்டணத்துக்கு என் துணைவியின் காதணி அடகுக்குச் சென்றது. கிழக்கு வரிசையில் இரண்டு நெல்லிகள் பட்டுப்போயின. சென்ற பருவத்தில் 38 மாமரங்களில் 31 பூத்தன.

மாப்பிள்ளையோடு ஓராண்டு பேசாதிருந்தேன். பின் ஒரு நாள் மாலை அவரே வந்தார். "மாமா, நாளைக் காலை அடிக்கவேண்டும், உப்பு வகைதான் வாங்கியிருக்கிறேன். காற்று எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். இருவரும் வரப்பில் நின்று ஒரு சருகைக் கொளுத்திப் புகையைப் பார்த்தோம். புகை என் தோட்டத்தை நோக்கிச் சாய்ந்தது. "நாளைக்கு வேண்டா, மாமா" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

இருவர் ஒரு வரப்பில் நின்று செய்ததை, ஊர்கள் கூடிச் செய்யக்கூடாதா? இன்றே இந்த அவையில் தொடங்குவோம். ஒருவன் நஞ்சடிக்கப் போவதற்கு முன்னாள் மாலையில், பக்கத்துத் தோட்டக்காரனிடம் சொல்லவேண்டும் என்பதை ஊர்க்கட்டுப்பாடாக்குவோம். அரிய கனியைப் பிறருக்கு ஈந்தவனின் மண்ணில் வாழ்கிறோம். அத்துணை ஈகை நமக்கு வாராவிட்டாலும், பிறர் கனியைக் கெடுக்காமலேனும் இருப்போம்.